இல்லாத கட்டை விரல் ராத்திரி மூணு மணிக்கு ஏன் வலிக்குது?

எங்க சித்தப்பாவுக்கு இடது கால முட்டிக்கு கீழ எடுத்துட்டாங்க. ஊரு தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம், முப்பது வருஷம் லாரி ஓட்டுனவரு, சுகர் பதினஞ்சு வருஷமா இருக்கு, பீடி அதுக்கும் முன்னாடி இருந்தே. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த மொத வாரம், ஒரு நாள் ராத்திரி மூணு மணி இருக்கும், சித்திய எழுப்பி "கட்டை விரலு மடங்கி மாட்டிக்கிச்சு, கொஞ்சம் நீட்டி விடு"ன்னு கேட்டிருக்காரு. சித்தி தூக்கக் கலக்கத்துல போர்வைய விலக்கி கைய நீட்டுனா கட்டு போட்ட முட்டி, அதுக்கு கீழ வெறும் பாய். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு ஒண்ணும் பேசாம விடியுற வரைக்கும் உக்காந்திருந்தாங்களாம்.

அடுத்த நாள்ல இருந்து வீட்ல ஆளாளுக்கு ஒரு விளக்கம். ஆயா சொன்னது, "எடுத்த கால எங்க பொதைச்சானுங்களோ, எறும்பு கடிக்குது, அதான் இவனுக்கு குத்துது." பக்கத்து வீட்டு அக்கா காத்து கருப்புன்னு சொல்லி மந்திரிச்ச கயிறு ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. பெரியப்பா மட்டும் ரொம்ப விவரமா, "இல்லாத கால் எப்படிடா வலிக்கும், மனசுல நெனச்சுக்கிறான், நாளாக நாளாக சரியாயிடும்"னாரு. மூணுல சித்தப்பாவ ரொம்ப காயப்படுத்துனது பெரியப்பா பேச்சு தான். ஏன்னா ஆயாவும் அந்த அக்காவும் வலிக்குதுங்கறத நம்புனாங்க, பெரியப்பா நம்பல.

எறும்பு கதைய மொதல்ல முடிச்சிடுறேன். ஆஸ்பத்திரில எடுக்குற உடம்பு பாகம் எல்லாம் மஞ்சள் கலர் பைல போட்டு தனியா கொண்டு போய் எரிக்கணும்னு 2016 மருத்துவக் கழிவு விதிலயே இருக்கு, சும்மா குழி தோண்டி போட்டுட்டு போறதில்ல. இத ஆயா கிட்ட சொன்னேன். "எரிச்சிட்டாங்களா, அதான் கால் எரியுதுங்கறான்"னுச்சு. அதுக்கு மேல நான் என்னா சொல்றது.

இதுக்கு பேப்பர்ல எல்லாம் மாய உறுப்பு வலின்னு எழுதுறாங்க, டாக்டருங்க ஃபேன்டம் பெயின்னு சொல்றாங்க. மாயம்னா நம்ம ஊர் காதுக்கு பொய்னு தான் கேக்கும், அதனால எனக்கு அந்த பேரு பிடிக்கல, ஆனா வேற நல்ல பேரும் இல்ல. வியாதி புதுசு கிடையாது. 16ம் நூற்றாண்டுல ஆம்ப்ரோஸ் பாரேன்னு ஒரு பிரெஞ்சு ராணுவ சர்ஜன், கால் எடுத்தவங்க ரொம்ப நாள் கழிச்சும் அந்த கால் வலிக்குதுன்னு சொல்றாங்கன்னு அப்பவே எழுதி வச்சிட்டாரு. அப்பறம் அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கை கால் போன சிப்பாய்ங்கள நூத்துக்கணக்குல பாத்த சைலஸ் வெயர் மிட்செல்ங்கற டாக்டர். அவரு 1866ல இத பத்தி பேர் போடாம ஒரு பத்திரிகைல கதையா எழுதுனாரு, படிச்சவங்க நெஜம்னு நம்பி கதைல வர்ற ஆளுக்கு பணம் எல்லாம் அனுப்புனாங்க. 1871ல தான் ஃபேன்டம்ங்கற பேரோட டாக்டரா எழுதுறாரு. ஒரு டாக்டரே இத மொதல்ல கதைன்னு சொல்லி தான் வெளிய விட்டிருக்காரு பாருங்க, நம்ப மாட்டாங்கன்னு பயந்திருப்பாரோ என்னவோ.

கை கால் எடுத்தவங்க கிட்டத்தட்ட எல்லாருக்குமே அந்த உறுப்பு இன்னும் இருக்குற மாதிரி ஒரு உணர்வு இருக்கும். அது வலியில்ல, சும்மா இருக்குற மாதிரி, சில சமயம் அரிக்குற மாதிரி. அதுக்கு மேல நெஜமான வலி 100 பேர்ல 60ல இருந்து 80 பேருக்கு ஏதோ ஒரு கட்டத்துல வருதுன்னு ஆராய்ச்சிங்க சொல்லுது. அதாவது வராதவங்க தான் கம்மி. அப்படி இருக்கறப்போ ஆபரேஷனுக்கு கையெழுத்து வாங்குறப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? எங்களுக்கு யாரும் சொல்லல. எந்த ஆஸ்பத்திரின்னு இங்க வேணாம், அந்த டாக்டர் ஆபரேஷன நல்லா தான் பண்ணாரு, உயிர காப்பாத்துனாரு. ஆனா "வீட்டுக்கு போனதும் இல்லாத கால் வலிக்கும், பயப்படாதீங்க, வந்து சொல்லுங்க"ன்னு சொல்ல ஒரு நிமிஷம் போதும், அந்த ஒரு நிமிஷம் இல்லாததால ஒரு மாசம் கயிறு கட்டிக்கிட்டு சுத்துனோம்.

இன்னொன்னு, வலில ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் கலந்துட்டா வைத்தியம் தப்பா போகும். மிச்சம் இருக்குற கால்ல, அத ஸ்டம்ப்னு சொல்றாங்க, அதுல தையல் போட்ட இடத்துல, எலும்பு முனைல, தொட்டா சுருக்குன்னு வர்றது ஒரு வலி. அது சீழ் வச்சதாலயும் இருக்கலாம், செயற்கைக் கால் அழுத்துறதாலயும் இருக்கலாம், வெட்டுன நரம்பு முனை முடிச்சு மாதிரி வளந்ததாலயும் இருக்கலாம். இன்னொன்னு பாதம் இருந்த இடத்துல, காத்துல வர்ற வலி. எங்க வலிக்குதுன்னு கேட்டா சித்தப்பா முட்டிய தொட மாட்டாரு, தரைய காமிப்பாரு. அத வச்சே தெரிஞ்சுக்கலாம்.

சரி, ஏன் வருது? நான் புரிஞ்சுக்கிட்ட விதம் இது. என்எச் 44 ரோட்ட அகலப்படுத்துனப்போ ரோட்டோரம் இருந்த எத்தனையோ வீட்ட இடிச்சாங்க இல்ல, அதுல எங்க சொந்தக்காரங்க வீடும் ஒண்ணு. வீடு போயிருச்சு, ஆனா தபாலாபீஸ்ல அந்த விலாசம் இருந்துச்சு, ரொம்ப நாள் வரைக்கும் எல்ஐசி நோட்டீஸ் வந்துக்கிட்டே இருந்துச்சு. மூளைல நம்ம உடம்புக்கு அந்த மாதிரி ஒரு விலாசப் பட்டியல் இருக்கு. கனடால வைல்டர் பென்ஃபீல்டுன்னு ஒரு நரம்பு சர்ஜன் 1930கள்ல ஆரம்பிச்சு, முழிச்சிருக்குற நோயாளிங்க மூளைய லேசா கரண்ட் வச்சு தொட்டு, இங்க தொட்டா விரல் உணருது, இங்க தொட்டா உதடு உணருதுன்னு ஒரு மேப்பே போட்டாரு. கால எடுக்கலாம், மேப்ல கால் இருக்குற இடத்த யாரும் எடுக்க முடியாது.

சும்மா விலாசம் மட்டும் இருந்தா போதாது, தபாலும் வரணும். அது எங்க இருந்து வருதுன்னா, வெட்டுப்பட்ட நரம்பு சும்மா இருக்காது, வெட்டுன மரத்துல தளிர் விடுற மாதிரி முனைல இருந்து துளிர்க்க பாக்கும், போக வேண்டிய பாதம் இல்லாததால அங்கயே சுருண்டு ஒரு முடிச்சு ஆயிடும். அந்த முடிச்சு யாரும் தொடாமலே தானா சிக்னல் அனுப்பும். தண்டுவடத்துல இருக்குற நரம்பு செல்லும் தொடர்ந்து வலி செய்தி வந்து வந்து உஷாராகி, சின்ன சத்தத்தையும் மைக் வச்சு கத்துற மாதிரி பெருசாக்கி மேல அனுப்பும். மூளைக்கு கடைசில கிடைக்குற செய்தி, இது பாதத்துல இருந்து வருது, பாதம் நசுங்குது. மூளை பொய் சொல்லல, அதுக்கு வந்த தபால்ல இருக்குற விலாசத்த படிக்குது, அவ்ளோ தான். அதான் எரிச்சல், ஷாக் அடிக்குற மாதிரி, ஊசி குத்துற மாதிரி, விரல முறுக்குற மாதிரின்னு விதவிதமா வருது. குளிர் காத்துலயும், மனசு சரியில்லாத நாள்லயும், சிலருக்கு ஒண்ணுக்கு போறப்பவும் கூட அதிகமாகும்.

இந்த விஷயத்துல நம்ம ஆளு ஒருத்தர் உலகம் முழுக்க பேசப்பட்டாரு. வி.எஸ்.ராமச்சந்திரன், தமிழ்நாட்டுல பொறந்து சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்சு கலிஃபோர்னியாவுல சான் டியேகோ யுனிவர்சிட்டிக்கு போனவரு. 1990கள்ல கை போன ஒருத்தர கண்ண மூட சொல்லி கன்னத்துல பஞ்சு குச்சியால தொட்டாரு, அவரு கன்னத்துலயும் தெரியுது, இல்லாத கட்டை விரல்லயும் தெரியுதுன்னாரு. பென்ஃபீல்ட் மேப்ல கையும் முகமும் பக்கத்து பக்கத்து இடம், அதனால கை காலி பண்ண இடத்துல முகம் குடி வந்துருச்சு, அந்த குழப்பம் தான் வலின்னு விளக்கம் சொன்னாங்க. கேக்க அழகா இருக்கு, நானும் ரொம்ப நாள் இத தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். ஆனா அப்பறம் இங்கிலாந்துல டமார் மேக்கின் குழு ஸ்கேன் பண்ணி பாத்துட்டு, வலி இருக்கறவங்களுக்கு மூளைல அந்த கையோட இடம் பத்திரமா தான் இருக்குன்னு 2013ல சொன்னாங்க. 2025ல வந்த ஆய்வுல கை எடுக்கறதுக்கு முன்னாடியே ஸ்கேன் எடுத்து வச்சு, எடுத்த பின்னாடியும் வருஷக்கணக்குல எடுத்து பாத்தப்போ மேப் ஏறக்குறைய மாறவே இல்ல. பாத்தது மூணு பேர தான், ஆனா அதே ஆள முன்ன பின்ன பாத்தது பெரிய விஷயம். எனக்கு ரெண்டாவது தான் சரியா படுது, சித்தப்பா கால் அவரு மூளைல குடி மாறல, பூட்டி சாவிய வச்சிருக்கு.

விளக்கம் எதுவா இருந்தாலும் ராமச்சந்திரன் கண்டுபிடிச்ச கண்ணாடி வைத்தியம் இன்னிக்கும் ஓடுது. நாங்க பண்ணத சொல்றேன். பழைய பீரோ கதவுல இருந்த ஆளுயரக் கண்ணாடிய கழட்டி, ஓரத்துல துணி சுத்தி, சித்தப்பாவ கட்டில்ல கால நீட்டி உக்கார வச்சு, ரெண்டு தொடைக்கும் நடுவுல நெட்டு வாக்குல நிறுத்துனோம். கண்ணாடி முகம் நல்ல கால் பக்கம், ஸ்டம்ப் அந்த பக்கம் மறைஞ்சிரும். இப்ப குனிஞ்சு கண்ணாடிய பாத்தா வலது காலோட பிம்பம் இடது கால் மாதிரியே அந்த எடத்துல தெரியும். ஃபிசியோதெரபி பொண்ணு சொன்னபடி வலது கணுக்கால மெதுவா மேல கீழ ஆட்டணும், விரல மடக்கி விரிக்கணும், மனசுக்குள்ள ரெண்டு காலையும் சேத்து ஆட்டணும். மொத நாள் சித்தப்பா பாத்துட்டு சிரிச்சாரு, அப்பறம் சிரிப்பு நின்னு போச்சு, கண்ணு கலங்குச்சு. "டே, விரியுதுடா"ன்னாரு. மூணு மாசமா மடங்கி கெடந்த கட்டை விரல் மொத தடவையா விரிஞ்சுச்சாம்.

உடனே எல்லாம் போயிருச்சுன்னு நெனைக்காதீங்க. அரை மணி நேரத்துல திரும்பி மடங்கிருச்சு. தினம் கால் மணி நேரம், வாரக்கணக்குல பண்ணா தான் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், சிலருக்கு ஒண்ணுமே ஆகாது, சிலருக்கு தலை சுத்தும், மொத சில நாள் வலி கூடும். அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரில கால் போனவங்க கிட்ட பண்ணி 2007ல வெளியிட்ட ஆய்வுல, நாலு வாரம் கண்ணாடி பாத்தவங்களுக்கு வலி கொறஞ்சுச்சு, துணி போட்டு மூடுன கண்ணாடி முன்னாடி அதே பயிற்சி பண்ணவங்களுக்கு அந்த அளவு இல்ல. சின்ன ஆய்வு தான், மொத்தமே 22 பேர். ஆனா கண்ணாடிக்கு செலவு கிடையாது, பக்க விளைவும் ரொம்ப இல்ல, அதனால பண்ணி பாக்கறதுல நஷ்டம் இல்ல. ரெண்டு காலும் போனவங்களுக்கு தான் இது சிக்கல், பிம்பம் காட்ட கால் வேணுமே.

மாத்திரைன்னு பாத்தா பாராசிட்டமால் இந்த வலிக்கு பெருசா கேக்காது, ஏன்னா இது புண்ணு வலி இல்ல நரம்பு வலி. கபாபென்டின், ப்ரீகபாலின், அமிட்ரிப்டிலின் மாதிரி நரம்புக்கு குடுக்குறத தான் டாக்டர் எழுதுவாங்க, எல்லாருக்கும் கேக்கும்னு இல்ல, தூக்கம் அசத்தும், வயசானவங்க தள்ளாடி விழுவாங்க, சுகரால கிட்னி கெட்டிருந்தா டோஸ் கொறைக்கணும். அதனால மெடிக்கல்ல போய் "நரம்பு வலி மாத்திரை குடுப்பா"ன்னு கேட்டு வாங்கி சாப்புடுறது வேணாம். நரம்பு முனைய பக்கத்து தசைல இருக்குற நரம்போட சேத்து தைக்குற ஆபரேஷன் ஒண்ணும் இப்ப வந்திருக்கு, வெட்டுன நரம்புக்கு போக ஒரு இடம் குடுக்குறது தான் அதோட யோசனை, ஆனா எல்லா ஊர்லயும் நடக்கற விஷயம் இல்ல அது.

கால் எடுக்கறதுக்கு முன்னாடி ரொம்ப நாள் வலியோட கெடந்தவங்களுக்கு பின்னாடியும் வலி வர வாய்ப்பு அதிகம்னு ஆய்வுங்கள்ல வருது. சித்தப்பா விஷயத்துல இது அப்படியே பொருந்துது. செருப்பு வார் அறுத்து கட்டை விரல் ஓரத்துல ஒரு சின்ன கொப்புளம், சுகரால காலு மரத்து போனதால மொத ஒரு வாரம் அவருக்கே தெரியல, தெரிஞ்சப்பவும் மஞ்சள் வச்சுக்கிட்டு லோடு ஏத்திட்டு போயிட்டாரு. பீடியால ரத்தக் குழாய் ஏற்கனவே சுருங்கி கெடக்கு. விரல் கறுத்து, அப்பறம் பாதம், நாலு மாசம் ராத்திரி ராத்திரி அந்த கட்டை விரல புடிச்சுக்கிட்டு அழுதாரு. இன்னிக்கும் வலிக்குறது அதே கட்டை விரல் தான், சுண்டு விரல் ஒரு நாளும் வலிச்சதில்ல.

எங்க தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துல (2004 வரைக்கும் ஒரே மாவட்டம் தான், அந்த வருஷம் தான் கிருஷ்ணகிரி தனியா பிரிஞ்சுச்சு) கை கால் போறதுக்கு வழிக்கு பஞ்சமில்ல. தொப்பூர் கணவாய் எறக்கத்துல பிரேக் புடிக்காத லாரி, ஓசூர் பக்கம் சின்ன சின்ன பட்டறைல பிரஸ் மிஷின்ல போற விரல், கல்லு குவாரி, கரும்பு மிஷின், எல்லாத்துக்கும் மேல சத்தமில்லாம சுகர். வீடு தேடி பிரஷர் சுகர் மாத்திரை குடுக்குற மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல தொடங்குனதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தான். அதுல வர்ற அக்காங்க மாத்திரை குடுக்குறப்போ அப்படியே கால கொஞ்சம் திருப்பி பாருங்கன்னு நாமளே கேக்கலாம், கூச்சப்பட ஒண்ணுமில்ல. அந்த திட்டத்துல ஃபிசியோதெரபியும் உண்டு, கால் எடுத்தவங்களுக்கு அது தான் முக்கியம்.

வலிய விட மொத மாசத்துல பெரிய ஆபத்து விழறது தான். ராத்திரி ஒண்ணுக்கு வந்து தூக்கத்துல எழுந்திரிக்கறப்போ கால் இருக்குற நெனப்புல அந்த கால ஊணுவாங்க. சித்தப்பா ரெண்டு தடவை விழுந்தாரு, ஒரு தடவை தையல் பிரிஞ்சுருச்சு. அதுக்கு பின்னாடி கட்டில் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு வச்சோம், எழுந்தா மொதல்ல சேர் இடிக்கும், ஞாபகம் வரும். அப்பறம் பாசத்துல எல்லாரும் பண்ற தப்பு, முட்டிக்கு கீழ தலகாணி வைக்கறது. வைக்கவே கூடாது, முட்டி மடங்குன வாக்குலயே இறுகி போச்சுன்னா அப்பறம் செயற்கைக் கால் மாட்டவே முடியாது. க்ரேப் பேண்டேஜ எட்டு வடிவத்துல கீழ இறுக்கமா மேல லூசா சுத்தணும். ஸ்டம்ப் வீக்கம் வடிஞ்சு வருஷம் பூரா சுருங்கிக்கிட்டே இருக்கும், அதனால மொதல்ல அளவெடுத்த சாக்கெட் (செயற்கைக் கால்ல ஸ்டம்ப் உள்ள போற கூடு) கொஞ்ச மாசத்துல லூசாகி உள்ள ஆடும், காட்டன் சாக்ஸ் ஒண்ணுக்கு ரெண்டா போட்டு சமாளிக்கணும், அப்பறம் புதுசு செய்யணும். ஏப்ரல் மே தர்மபுரி வெயில்ல சாக்கெட்டுக்குள்ள வேர்வை சொட்டும், சித்தப்பா மதியம் கழட்டி தலகீழா கவுத்து வச்சிட்டு தான் களி சாப்புட உக்காருவாரு.

செயற்கைக் கால்ல நம்ம வாழ்க்கைக்கு ஒத்து வர்றது ஜெய்ப்பூர் கால். 1968ல ஜெய்ப்பூர்ல ராம் சந்திர சர்மான்னு ஒரு கைவினைஞரும் பி.கே.சேத்தின்னு ஒரு எலும்பு டாக்டரும் சேந்து பண்ணது, ரப்பர் பாதம், செருப்பில்லாம நடக்கலாம், குத்த வச்சு உக்காரலாம், சேத்து வயல்ல எறங்கலாம். வெளிநாட்டு மாடல் எல்லாம் ஷூவுக்கு பண்ணது, கோயில் வாசல்ல ஷூவ கழட்டுனா என்னா பண்றது? எங்க பக்கத்துல இருந்து பெரிய மறுவாழ்வு மையம்னு போகணும்னா வேலூர் சிஎம்சி. அங்க இருக்குற மறுவாழ்வு மையத்த 1966ல கொண்டு வந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954ல கார் விபத்துல இடுப்புக்கு கீழ உணர்வு போய், வீல்சேர்ல உக்காந்துக்கிட்டே ஆபரேஷன் பண்ணவங்க. சென்னைக்கு போறவங்களுக்கு கே.கே.நகர்ல அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கு.

சர்டிஃபிகேட் விஷயத்துல ஒரு கடுப்பு எனக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி ஊனம் 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா தான் பல சலுகைக்கு கணக்கு, அதுக்கு யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிங்களுக்கான அடையாள அட்டை வாங்கணும். பட்டறைல விரல் போனவங்களுக்கு தொழிலாளர் இழப்பீட்டுக்குன்னு சட்டத்துல ஒரு அட்டவணையே இருக்கு, கட்டை விரல் முழுசா போனா 30 சதவீதம், ஒரு கைல நாலு விரலும் போனா 50. எல்லாமே எங்க வெட்டுனாங்கங்கறத வச்சு தான். வெட்டுன இடத்துக்கு கீழ வலிக்கறதுக்கு அந்த அட்டவணைல ஒரு கட்டம் கூட கிடையாது. ராத்திரி தூங்காம காலைல மிஷின் முன்னாடி நிக்க முடியாதவன் என்னா சொல்லி லீவு கேப்பான், இல்லாத விரல் வலிக்குது சார்னா?

சித்தப்பாவுக்கு இப்ப ரெண்டு வருஷம் ஆச்சு. வலி சுத்தமா போகல, மழை வர்ற மாதிரி இருந்தா வரும், ஒரு மணி நேரம் இருந்துட்டு போகும். விசித்திரமா அந்த பாதம் இப்ப மேல ஏறிருச்சாம், சின்னதா, கொழந்தை பாதம் மாதிரி நேரா முட்டிக்கு கீழ ஒட்டிக்கிட்டு இருக்குன்னு சொல்றாரு. டாக்டர் கிட்ட கேட்டா இது நெறைய பேருக்கு நடக்கறது தான், பயப்பட ஒண்ணுமில்லன்னாரு.

போன மாசம் பாலக்கோடு பக்கத்துல தெரிஞ்ச ஒரு பையன், இருபத்தி நாலு வயசு, பட்டறைல வலது கை மூணு விரல் போயிருச்சு. ஒரு நாள் ராத்திரி அவங்க அம்மா சித்திக்கு போன் பண்ணி, பையன் தூங்கவே மாட்டேங்குறான், என்னென்னமோ சொல்றான், எங்க கூட்டிட்டு போறதுன்னு தெரியலன்னு அழுதிருக்காங்க. சித்தப்பா போன வாங்கி பையன் கிட்ட குடுக்க சொன்னாரு. எப்படி இருக்கன்னு கேக்கல, வலிக்குதான்னும் கேக்கல.

"தம்பி, விரலு மடங்கி இருக்கா, விரிஞ்சு இருக்கா?"